ஓட விட்டது போதும், புறப்படப் பழக்குங்கள்

பல்லேகல, குண்டசாலை, திகன, கண்டி நகர்ப் பகுதிகளில் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பழக்கும் பயிற்றுநர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்



உங்களிடம் வரும் பிள்ளைகளுக்கு ஓடத் தெரியும். ஏற்றமும் இறக்கமுமான வழிகளில் பாடசாலைக்கு நடந்து வளர்ந்த கால்கள் அவை. வலுவிலும் மூச்சிலும் அவர்களைக் குறை சொல்ல இடமில்லை. அப்படியிருந்தும் ஒரு பிள்ளை பந்துக்குப் பிந்தினால் களத்தின் ஓரத்திலிருந்து நாம் போடும் சத்தம் ஒன்றுதான்: "ஓடு, ஓடு." அடுத்த நாள் அதற்கு மருந்தாக மைதானத்தைச் சுற்றிப் பத்துத் தரம் ஓட விடுகிறோம், அல்லது திகன வீதியில் ஒரு நீண்ட ஓட்டத்துக்கு அனுப்புகிறோம். இந்த மருந்து நோயைத் தொடுவதில்லை என்பதே இம்மடலின் வாதம். பிந்தும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஓடத் தெரியாமலில்லை, புறப்படத்தான் தெரியவில்லை. புறப்பாடு கண்ணில் தொடங்கிக் காலில் முடிகிற காரியம். அதனால் காலடிப் பயிற்சியை உடற்பயிற்சி நேரத்திலிருந்து எடுத்து, ஆட்டம் பழக்கும் நேரத்துக்குள் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் களத்தின் அளவைப் பார்ப்போம். ஒற்றையர் களம் 23.77 மீற்றர் நீளம், 8.23 மீற்றர் அகலம். பின்கோட்டின் நடுவில் நிற்கும் பிள்ளைக்கு எந்தப் பக்கக் கோடும் நான்கு மீற்றருக்குச் சற்று அப்பால்தான் இருக்கிறது. கையும் ராக்கெட்டும் நீளுகிற தூரத்தைக் கழித்துவிட்டால், கால் கடக்கவேண்டியது இன்னும் குறைவு. டென்னிஸ் ஆட்டங்களை அளந்து பார்த்த ஆய்வாளர்கள், அடிக்கப்படும் பந்துகளில் சுமார் 80 வீதம் ஆட்டக்காரர் ஆயத்தமாக நின்ற இடத்திலிருந்து இரண்டரை மீற்றருக்குள் அடிக்கப்படுபவை என்று கண்டிருக்கிறார்கள். ஒரு புள்ளிக்கான ஆட்டம் பெரும்பாலும் பத்து விநாடியைத் தாண்டுவதில்லை. அதற்குள் ஏறக்குறைய நான்கு தடவை திசை மாறவேண்டியிருக்கிறது. பிறகு அடுத்த சேர்வுக்கு முன் 25 விநாடி வரை ஓய்வு கிடைக்கிறது. இரண்டு மூன்று மீற்றர், ஒரு திருப்பம், மறுபடி இரண்டு மூன்று மீற்றர் என்று போகும் ஆட்டத்துக்கு ஐந்து கிலோமீற்றர் நேர் ஓட்டம் எந்த அளவுக்கு ஆயத்தம் ஆகும்? வீதியில் ஓடுகிற பிள்ளை முன்னோக்கி ஓடுகிறது, ஒரே வேகத்தில் ஓடுகிறது, எப்போது புறப்படுவது என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்கிறது. டென்னிஸ் களத்தில் இந்த மூன்றும் இல்லை. அங்கே அசைவு பெரும்பாலும் பக்கவாட்டில். வேகம் ஒவ்வோர் அடிக்கும் மாறுகிறது. புறப்படும் நேரத்தைத் தீர்மானிப்பவர் எதிரே நிற்பவர்.

நேரத்தையும் கணக்கிடலாம். வளரும் பிள்ளை ஒன்று மணிக்கு 80 கிலோமீற்றர் வேகத்தில் அடித்த பந்து மறுபக்கப் பின்கோட்டை அடைய, காற்றின் தடையையும் தரையில் பட்டு இழக்கும் வேகத்தையும் சேர்த்தால், ஏறக்குறைய ஒன்றரை விநாடி எடுக்கும். கண்ணால் கண்டதற்கு உடல் அசையத் தொடங்குவதற்கே 0.2 விநாடி போய்விடும். ராக்கெட்டைப் பின்னால் கொண்டுபோய் வீச அரை விநாடி வேண்டும். மிஞ்சுவது முக்கால் விநாடி, அல்லது அதற்குச் சற்று மேல். பந்து வலையைத் தாண்டிய பிறகுதான் அசையத் தொடங்கும் பிள்ளை இந்த முக்கால் விநாடியிலும் பெரும்பகுதியை நின்ற இடத்திலேயே தொலைத்துவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த இழப்பு ஈடாகாது, ஏனென்றால் இரண்டரை மீற்றரில் வேகம் எடுக்கவே இடமில்லை. மெதுவாக ஓடுகிற, ஆனால் உரிய நேரத்தில் புறப்படுகிற பிள்ளை அந்தப் பந்துக்கு முன்னதாகவே போய் நின்றுவிடும்.

உரிய நேரத்தில் புறப்படுவதற்கென்று டென்னிஸ் கண்டுபிடித்த உத்திதான் ஸ்பிளிட் ஸ்டெப். உங்களில் யாருக்கும் அது புதிதல்ல. எதிராளி பந்தை அடிக்கப்போகும் தறுவாயில் சிறிதாக எம்பி, கால்களைத் தோள் அகலத்துக்கும் சற்று அதிகமாக விரித்து, முன்பாதத்தில் இறங்குவது. ஆனால் அதைப் பழக்கும்போது "எம்பு" என்று சொல்லுமளவுக்கு "எப்போது இறங்குவது" என்று நாம் சொல்வதில்லை. அதன் பயன் முழுவதும் இறங்கும் நேரத்தில் இருக்கிறது. பந்து எதிராளியின் ராக்கெட்டை விட்டுப் புறப்பட்டு, திசை தெரியவரும் கணத்தில் கால் தரையைத் தொடவேண்டும். இறங்கும்போது தொடையிலும் கெண்டையிலும் உள்ள தசைகள் இழுபட்டு உடனே சுருங்குகின்றன. அந்த எழுச்சியே முதல் அடியைத் தள்ளிவிடுகிறது. முந்தி இறங்கினால் எடை தரையில் அமர்ந்து எழுச்சி வீணாகும். பிந்தினால் பந்து போன பிறகும் பிள்ளை அந்தரத்தில் நிற்கும். 2009இல் யப்பானிய ஆய்வாளர்கள் டென்னிஸ் போன்ற சூழலை ஆய்வுகூடத்தில் அமைத்துச் சோதித்தபோது, அசையாமல் நின்று புறப்பட்டவர்களைவிட ஸ்பிளிட் ஸ்டெப் வைத்துப் புறப்பட்டவர்கள் குறைந்த நேரத்தில் பந்தின் திசைக்கு எட்டினார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்களின் படங்களை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: அவர்கள் இரண்டு பாதத்தையும் ஒரே நேரத்தில் வைப்பதில்லை. பந்து போகும் திசைக்கு எதிர்ப்பக்கக் கால் ஒரு நொடிப்பொழுது முந்தித் தரையைத் தொட்டுத் தள்ளுகிறது; மற்றக் கால் அந்தரத்திலேயே திசை திரும்பிவிடுகிறது. இறங்கி முடிவதற்குள்ளேயே அவர்கள் பந்தைப் படித்து முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். 1970களின் இறுதியிலிருந்து, சேர்வ் போடும் படத்தை இடையில் நிறுத்தி "பந்து எங்கே விழும்" என்று கேட்ட சோதனைகளும் இதையே காட்டின. தேர்ந்தவர்கள் தோளையும் ராக்கெட்டையும் பார்த்து ஊகித்தார்கள்; புதியவர்கள் பந்தைப் பார்க்கக் காத்திருந்தார்கள்.

இங்கேதான் நமது வழமையான பயிற்சி முறையோடு எனக்குக் கருத்து வேறுபாடு. வலையருகே ஒரு வாளி பந்தோடு பயிற்றுநர் நிற்கிறார். எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நான்கு பந்து, இரண்டு ஃபோர்ஹேண்ட், இரண்டு பேக்ஹேண்ட், பிறகு வரிசையின் கடைசிக்கு. முதல் பந்து வலப்பக்கம் வரும் என்று பிள்ளைக்கு முன்கூட்டியே தெரியும். படிப்பதற்கு எதிராளியின் தோள் இல்லை, ராக்கெட் இல்லை, ஊகிக்க எதுவும் இல்லை. ஸ்பிளிட் ஸ்டெப் வைத்தாலும் அது பாட்டுக்கு வைக்கும் தாளமாகத்தான் இருக்கும். மீதி ஏழு பிள்ளைகளும் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஒரு மணி நேரப் பயிற்சியில் ஒரு பிள்ளை உண்மையில் அசைந்த நேரத்தை எண்ணிப் பாருங்கள், மனம் கசக்கும். ராக்கெட்டைப் பிடிக்கவே தெரியாத முதல் வாரங்களில் வாளிப் பந்து தேவைதான். ஓர் அடியைத் திருத்தும்போதும் அது உதவும். ஆண்டுக்கணக்கில் அதுவே பயிற்சி என்று ஆகும்போது, நாம் பழக்குவது காத்திருப்பதை. அப்படி வளர்ந்த பிள்ளை போட்டியில் காத்திருந்தால் அது பிள்ளையின் குற்றமா?

காலடியில் பாதி அடித்த பிறகு இருக்கிறது என்பதையும் நாம் குறைவாகவே சொல்கிறோம். "அடித்தவுடன் நடுவுக்கு வா" என்பது எல்லாக் களத்திலும் கேட்கும் கட்டளை. அது முக்கால்வாசி தவறு. வலப்பக்க மூலையிலிருந்து ஒரு பிள்ளை குறுக்காக அடிக்கிறது என்று வையுங்கள். எதிராளி இப்போது அந்தப் பக்கத்து மூலையில், நம் பிள்ளைக்கு இடப்பக்கமாகத் தெரியும் மூலையில் நிற்கிறார். அவர் நேராக அடித்தால் பந்து இடது கோட்டோடு வரும்; குறுக்காக அடித்தால் வலது கோட்டைத் தாண்டியும் வெளியே இழுத்துக்கொண்டு போகலாம். இந்த இரண்டு வழிக்கும் நடு எது? களத்தின் நடுக்குறி அல்ல, அதற்கு ஓரிரு அடி வலப்பக்கம். அதே பிள்ளை அதே மூலையிலிருந்து நேராக அடித்திருந்தால் கணக்குத் தலைகீழாகும். நடுக்குறியையும் தாண்டி இடப்பக்கம் போய் நிற்கவேண்டும். குறுக்கு அடிக்கும் நேர் அடிக்கும் இடையில் திரும்பி வரும் தூரத்தில் ஒன்று, ஒன்றரை மீற்றர் வித்தியாசம் வந்துவிடுகிறது. இரண்டரை மீற்றருக்குள் நடக்கும் ஆட்டத்தில் இது சின்னத் தொகையல்ல. எனவே, இழுத்தடிக்கப்பட்டு மூலையில் சிக்கிய பிள்ளை நேர்கோட்டில் அடித்துவிட்டு அடுத்த பந்துக்கு எட்டமுடியாமல் போனால், அதற்குக் காலைக் குறை சொல்லிப் பயனில்லை. தவறு அடியைத் தெரிவுசெய்ததில். எந்த அடியை அடிப்பது, அதன்பின் எங்கே நிற்பது என்ற இரண்டையும் ஒரே பாடமாகச் சொல்லிக்கொடுக்காவிட்டால் பிள்ளை தேவையற்ற தூரத்தை ஓடிக்கொண்டே இருக்கும், நாமும் அதைக் களைப்பு என்று எண்ணி மேலும் ஓட விடுவோம்.

"முதலில் கை படியட்டும், கால் பிறகு" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். மறுப்புகளில் கனமானது இதுதான். ஒழுங்கான ஃபோர்ஹேண்ட் இல்லாத பிள்ளை பந்துக்குப் போய் என்ன செய்யும்? கேள்வி நியாயமானது. ஆனால் நின்ற இடத்துக்கே வரும் பந்தில் படிந்த கை, நகர்ந்து அடிக்கும்போது அப்படியே கூட வருவதில்லை. உடம்புக்கும் பந்துக்கும் இடையிலான தூரம் ஒரு சாண் மாறினாலும் வீச்சு மாறிவிடும். அந்தத் தூரத்தைச் சரிசெய்வது பந்தை நெருங்கும்போது வைக்கும் இரண்டு மூன்று குட்டி அடிகள். கால் பிழைத்ததை மணிக்கட்டால் ஈடுசெய்யப் பழகிய பிள்ளைக்குப் பின்னர் எந்தத் திருத்தமும் ஏறாது. தமிழ்நாட்டின் ராமநாதன் கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டம். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி, இரண்டாவது தடவை காலிறுதியில் ரோய் எமர்சனை வென்று. அவருடைய சேர்வ் மென்மையானது என்பது அவரோடு ஆடிய எல்லாருக்கும் தெரியும். வேகத்தால் எதிராளியை வீழ்த்தும் வசதி அவருக்கு இருக்கவில்லை. பந்து வரும் இடத்தை முன்னுணர்ந்து அங்கே போய் நின்று, எதிராளி இல்லாத இடத்தில் வைப்பதே அவரது ஆட்டம். மகன் ரமேஷ் கிருஷ்ணனும் அதே வார்ப்பு. 1986இல் விம்பிள்டன் காலிறுதி வரை போனார், 1987 டேவிஸ் கிண்ண அரையிறுதியில் சிட்னியில் வாலி மாசூரை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். இன்றைய ராக்கெட்டுகளின் வேகத்துக்கு அந்த ஆட்டம் போதாது என்று சொல்லலாம். வேகம் கூடக் கூட முன்னுணர்வின் தேவை கூடுமே தவிரக் குறையாது. ஆறடி வளராத, அசுர சேர்வ் இல்லாத நம் பிள்ளைகளுக்குப் பின்பற்றத் தகுந்த முன்னோடிகள் இவர்கள்தான்.

தரையில் விரிக்கும் ஏணியையும் வண்ணக் கூம்புகளையும் காட்டி, "காலடிப் பயிற்சி நாங்களும் கொடுக்கிறோமே" என்பவர்களும் உண்டு. ஏணி காலைச் சுறுசுறுப்பாக்கும், உடம்பைச் சூடாக்கும், அதோடு சரி. ஏணியின் கட்டங்கள் இடம் மாறுவதில்லை. பிள்ளை குனிந்து தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டே போகிறது, அதாவது களத்தில் பார்க்கக்கூடாத ஒன்றைப் பார்க்கப் பழகுகிறது. இணையத்தில் ஏணிமேல் மின்னல்போல் போகும் கால்களைப் பார்த்துப் பெற்றோர் மயங்குவது வேறு கதை. ரோஜர் ஃபெடரருக்கு 2000ஆம் ஆண்டிலிருந்து உடற்பயிற்சி அளித்த பியர் பகனினியின் பெயர் பெற்ற வழி, உடற்பயிற்சியை டென்னிஸ் அசைவிலிருந்து பிரிக்காமல் வைத்திருந்தது. நாம் கடன் வாங்கவேண்டியது அதை.

"இது பிறவியில் வருவது" என்பது இன்னொரு மறுப்பு. சிலருக்கு எளிதாக வரும், உண்மை. ஆனால் பிறவிக் கால் என்று நாம் சொல்வதன் பின்னால் பெரும்பாலும் பல விளையாட்டுகள் ஆடிய ஒரு சிறுபராயம் இருக்கும். கண்டியில் இதற்கு உதாரணம் தேடி அலையவேண்டியதில்லை. டிரினிட்டி கல்லூரியில் படித்த குமார் சங்கக்கார கிரிக்கெட்டில் முழுமையாக இறங்குவதற்கு முன் பட்மின்டனிலும் டென்னிஸிலும் இளையோர் தேசிய நிறங்களைப் பெற்றவர். அவருடைய துடுப்பாட்டத்தை டென்னிஸ் உண்டாக்கிற்று என்பது மிகை. வெவ்வேறு பந்துகளை வெவ்வேறு வேகத்தில் படித்துக் காலை நகர்த்திய அனுபவம் பத்து வயதுப் பிள்ளைக்கு நட்டமாகாது என்பது மட்டும் உறுதி. ரக்பி ஊறிய ஊர் இது. பல்லேகலவிலேயே டிரினிட்டியின் ரக்பி மைதானம் இருக்கிறது. பெண்பிள்ளைகளின் பாடசாலைகளில் வலைப்பந்தாட்டம் இல்லாத இடம் அரிது. ரக்பியில் எதிராளியைத் தாண்டப் போடும் பக்க அடியும், வலைப்பந்தில் ஒரு காலை ஊன்றித் திரும்பும் பழக்கமும் டென்னிஸுக்கு அப்படியே உதவுபவை. எட்டு வயதில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டென்னிஸ் மட்டும் போதும் என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள்.

களமும் காசும் பற்றிய மறுப்புக்கு வருகிறேன். இங்கே மழை ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. 2010 டிசம்பரில் பல்லேகல மைதானத்தில் நடந்த முதலாவது டெஸ்ட் போட்டியே, மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரானது, மழையால் முடிவின்றிப் போயிற்று. சர்வதேச மைதானத்துக்கே அந்தக் கதி என்றால் ஒரு பாடசாலையின் ஒற்றைக் களம் எத்தனை பிற்பகல்களை இழக்கும்! ஆனால் டென்னிஸில் களமே இல்லாமல் பழகக்கூடிய பகுதி ஒன்று உண்டென்றால் அது காலடிதான். மழை நாளில் மண்டபத்திலோ அகலமான விறாந்தையிலோ இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்துங்கள். ராக்கெட் வேண்டாம். ஒருவர் பந்தை விரும்பிய பக்கம் கையால் எறியட்டும்; மற்றவர் எறியும் கை பந்தை விடும் கணத்தில் ஸ்பிளிட் ஸ்டெப் வைத்து, போய், ஒரு தரம் குத்தியெழுந்த பந்தை இடுப்புயரத்தில் உடம்புக்கு முன்னால் பிடித்து, உடனே திருப்பி எறிந்துவிட்டு இடத்துக்குத் திரும்பட்டும். புள்ளி எண்ணுங்கள், பிள்ளைகள் தாமாகவே உயிரைக் கொடுத்து ஆடுவார்கள். கண், காலம், முதல் அடி, குட்டி அடிகள், திரும்பி வருதல் எல்லாம் இதற்குள் வந்துவிடுகின்றன. ஒரு பழைய பந்தைத் தவிரச் செலவு எதுவும் இல்லை. கயிறடித்தலையும் சேர்த்துக்கொள்ளலாம், முன்பாதத்தில் இறங்கப் பழக்க அதைவிட மலிவான ஆசான் கிடையாது.

சப்பாத்து விஷயத்தில் மட்டும் சிக்கனம் ஆபத்து. ஓட்டத்துக்கான சப்பாத்துகளின் தடித்த, உயர்ந்த குதி நேராக ஓடுவதற்கு ஏற்றது. பக்கவாட்டில் நின்று திரும்பும்போது கணுக்கால் மடங்க அது வழிசெய்யும். டென்னிஸில் அடிக்கடி ஏற்படும் திடீர்க் காயங்களில் கணுக்கால் சுளுக்கு முக்கியமானது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு இறக்குமதிச் சப்பாத்தின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாத உயரத்தில் இருப்பதை நான் மறுக்கவில்லை. டென்னிஸ் சப்பாத்து வாங்க முடியாத வீட்டில், விலை கூடிய ஓட்டச் சப்பாத்தைவிடத் தட்டையான அடியுள்ள சாதாரண கன்வஸ் சப்பாத்து பாதுகாப்பானது என்பதையாவது சொல்லிவையுங்கள். கொழும்பில் இலங்கை டென்னிஸ் சங்கத்தின் களிமண் களங்களில் ஆடப்போகும் பிள்ளைகளுக்கு இன்னொரு ஆயத்தமும் தேவை. சீமெந்துத் தரையில் நின்று அடித்துப் பழகிய கால், களிமண்ணில் சறுக்கும்போது திகைத்துப்போகும். அங்கே சறுக்கி முடிந்தபின் அடிக்கவேண்டும்; அடித்துவிட்டுச் சறுக்கினால் திரும்பி வர நேரமிருக்காது. போட்டிக்கு ஒரு நாள் முன்னதாகப் போய் ஒரு மணி நேரமாவது அந்த மண்ணில் அசைந்து பார்ப்பது, இங்கே பத்து நாள் ஓடுவதைவிடப் பலன் தரும்.

சின்னப் பிள்ளைகளின் பந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012 முதல் பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் வழமையான மஞ்சள் பந்தைப் பாவிக்கக்கூடாது என்று சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் விதி செய்தது. சிவப்புப் பந்து 75 வீதம், செம்மஞ்சள் 50 வீதம், பச்சை 25 வீதம் மெதுவானவை. சிவப்புக்குக் களம் 11 மீற்றர், செம்மஞ்சளுக்கு 18 மீற்றர். இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கி, ஏழு வயதுப் பிள்ளையை முழுக் களத்தில் மஞ்சள் பந்தோடு விடுவது பெருமையாக எண்ணப்படுகிறது. தலைக்குமேல் குதித்தெழும் பந்தின் முன் அந்தப் பிள்ளை என்ன காலடி வைக்கும்? பின்னால் பின்னால் ஒதுங்கத்தான் பழகும். மெதுவான பந்துதான் எதிராளியைப் பார்க்கவும், இறங்கவும், குட்டி அடி வைக்கவும் அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் படிந்த ஒழுங்கு, பந்து வேகமாகும்போது கூடவே வேகமாகும்.

இவ்வளவையும் செய்தால் உடல்வலு எங்கே வரும் என்று கேட்பீர்கள். மூன்று செட் நீளும் ஆட்டத்துக்கு மூச்சு வேண்டும், அதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மூச்சையும் ஆட்டத்தின் அளவிலேயே கொடுக்கலாம்: பத்து விநாடி முழு வேகத்தில் திசை மாறி மாறி, பிறகு இருபது விநாடி ஓய்வு, மறுபடி பத்து விநாடி. ஏற்ற ஓட்டம் வாரத்தில் ஒரு நாள் இருந்துவிட்டுப் போகட்டும். தண்டனையாக மட்டும் ஓட விடாதீர்கள். பந்தைத் தவறவிட்டதற்காக ஓடிய பிள்ளை அடுத்த பந்தில் இன்னும் இறுகிப்போய் நிற்கும்.

அடுத்த தவணை தொடங்கும்போது ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் இருபது நிமிடத்தை ராக்கெட் இல்லாத பந்தெறிதலுக்குக் கொடுங்கள். அதன்பின் வாளியை ஓரத்தில் வைத்துவிட்டுப் பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஆட விடுங்கள். ஆடும்போது ஸ்பிளிட் ஸ்டெப் வைக்காமல் அடித்த பந்து உள்ளே விழுந்தாலும் புள்ளி எதிராளிக்கே என்று விதி போடுங்கள். தவணையின் முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும் அதே பிள்ளையைக் கைப்பேசியில் படமெடுத்து, எதிராளி அடிக்கும் கணத்தில் கால் எங்கே இருக்கிறது என்று மெதுவாக ஓட்டிப் பாருங்கள். பெற்றோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள்.